தீ எரிகிறது, குழுவில் 43 செய்திகள், ஒரு அழைப்புகூட இல்லை

மொட்டைமாடி (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் எங்கள் அடுக்ககத்தின் நான்காம் மாடியில் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. யாருக்கும் காயமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்கசிவு. ஒரு அறையும் அதிலிருந்த மெத்தை, அலமாரியும் போயின.

நான் எழுத வந்தது தீயைப் பற்றி அல்ல, எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவைப் பற்றி. இரவு 9.14-க்கு முதல் செய்தி: "நாலாவது மாடியில புகை வருது." அடுத்து ஒரு வீடியோ. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு வீடியோ. "ஐயோ", "எந்த வீடு?", "எல்லாரும் பத்திரமா?", வரிசையாகக் கைகூப்பும் படங்கள். 9.25 வரை 43 செய்திகள். மறுநாள் உட்கார்ந்து எண்ணினேன். நடுவில் ஒருவர் "தீயணைப்புக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு வந்த பதில்: "இந்நேரம் யாராவது சொல்லியிருப்பாங்க."

யாரும் சொல்லியிருக்கவில்லை. 9.25-க்கு அழைத்தவர் வாயிற்காவலர். அவர் அந்தக் குழுவிலேயே கிடையாது.

வீட்டில் இதை வைத்து ஒரே வாக்குவாதம். குழுவில் போட்டதால்தான் ஆறாம் மாடிக்காரர்கள் நேரத்தோடு இறங்கினார்கள் என்கிறாள் மகள். அதுவும் உண்மைதான். ஆபத்து நேரத்தில் எல்லார் போனையும் பிடுங்கி வைக்க வேண்டும் என்கிறார் மனைவி. நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். இதைப் பற்றி யோசித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சந்தேகப்பிராணி

உங்கள் மனைவிக்கு என் ஓட்டு.

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கிய இரவு, பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள் மூன்றடித் தண்ணீர் நிற்கிறது என்று ஒருவர் ட்விட்டரில் போட்டார். சுத்தப் பொய். ஆனால் சிஎன்என் வரை போய் ஒளிபரப்பானது. தெருவெள்ளத்தில் சுறா நீந்துவதாக ஒரு படம் வேறு. அந்தச் சுறாவுக்குச் சாவே கிடையாது, எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் ஆஜராகிவிடும். 2016-இல் ஜப்பானின் குமமோட்டோ நிலநடுக்கத்தன்று மிருகக்காட்சிசாலையிலிருந்து சிங்கம் தப்பிவிட்டதாக ஒரு படத்தோடு ஒருவர் எழுதினார். வீடு ஆடுகிறதே என்று தெருவுக்கு ஓடி வந்தவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள், வெளியே சிங்கமாம்! மிருகக்காட்சிசாலைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அழைப்புகள். அந்த 20 வயதுப் பையனைச் சில மாதங்களில் கைது செய்தார்கள்.

நல்ல செய்தி நொண்டி நொண்டி வரும்போது பொய் ஊரைச் சுற்றி வந்துவிடுகிறது. ஆபத்து நேரத்தில் இந்தத் தளங்களை மூடி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

---

இரவுப்பணி

எட்டு வருடம் ஒரு அவசர அழைப்பு மையத்தில் இரவு வேலை பார்த்தேன். இப்போது இல்லை. மொட்டைமாடி எழுதியதைப் படித்ததும் பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்துவிட்டது, அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்கள் எங்களிடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2010-இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1,058 பேரிடம் இணையத்தில் கேட்டது. மீட்புத் துறைகள் சமூக ஊடகங்களைக் கண்காணித்து உதவி அனுப்ப வேண்டும் என்றவர்கள் 69 சதவீதம். உதவி கேட்டுப் பதிவு போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வந்துவிடும் என்று நம்பியவர்கள் 74 சதவீதம்! அந்த வருடத்தில் பெரும்பாலான மையங்களில் ட்விட்டரைத் திறந்து பார்க்கவே ஆள் கிடையாது. பதிவு போட்டவர் தகவல் சொல்லிவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருப்பார். எங்கள் பக்கத்தில் ஒரு விளக்குகூட எரிந்திருக்காது.

அழைத்தால் என்ன நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் முதலில் கேட்பது "என்ன ஆச்சு" அல்ல, "எங்கே இருக்கீங்க". லைன் அறுந்தாலும் இடம் தெரிந்தால் வண்டி கிளம்பிவிடும். இவன் கேள்வி மேல் கேள்வி கேட்டு நேரத்தைக் கடத்துகிறான் என்று திட்டுவார்கள். அவர்கள் திட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து இருக்கைக்காரர் வண்டியை அனுப்பியிருப்பார். மிச்சக் கேள்விகள் வண்டியில் போகிறவர்களுக்காக. உள்ளே ஆள் சிக்கியிருக்கிறாரா, எந்தப் படிக்கட்டு, சமையல் எரிவாயு இருக்கிறதா. மாரடைப்பு என்றால் மார்பை எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்து, வண்டி வரும்வரை கூடவே எண்ணிக்கொண்டிருப்போம். எந்தப் பதிவு திரும்பிப் பேசும்?

இப்போது பல நாடுகளில் அவசர எண்ணை அழுத்தியவுடன் போனே தன் இருப்பிடத்தை மையத்துக்கு அனுப்பிவிடுகிறது. 2014-இல் பிரிட்டனில் தொடங்கிய ஏற்பாடு. உங்கள் சொந்த நெட்வொர்க்கில் சிக்னல் இல்லாவிட்டாலும் அவசர அழைப்பை வேறொரு நிறுவனத்தின் கோபுரம் ஏற்றுக்கொள்ளும் வசதியும் பல இடங்களில் உண்டு. வாட்ஸ்அப் வீடியோவுக்கு இதெல்லாம் கிடையாது.

இன்னொன்று. பத்துப் பேர் அழைத்தால் தொந்தரவு என்று நினைக்கிறார்கள். ஒரே தீயைப் பற்றிப் பத்து அழைப்பு வந்தால் "வண்டி கிளம்பிடுச்சு, வேற ஏதாவது புதுசா தெரியுமா" என்று கேட்டுப் பத்து நொடியில் முடித்துவிடுவோம். நாங்கள் பயந்தது ஒருவருமே அழைக்காத தீயைத்தான்.

---

ஏழாம்நாள்

இரவுப்பணி அண்ணா சொல்வதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் அது லைன் கிடைக்கிறவர்களுக்கு.

நான் வெள்ளத்தில் மாட்டினேன். எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதப்போவதில்லை, காரணம் கீழே. மாடியில் நான், நடக்க முடியாத அம்மா, பக்கத்து வீட்டுக் குழந்தை. அவசர எண்ணை எத்தனை தடவை அடித்தேன் என்று கணக்கில்லை. பிஸி, அல்லது ஒலித்துக்கொண்டே இருக்கும், அல்லது அதுவும் இல்லாமல் வெற்று மௌனம். டேட்டா மட்டும் திணறித் திணறி வந்துபோனது. முகவரி, மூன்று பேர், ஒருவர் நடக்க முடியாதவர், என் போன் எண் என்று எழுதி, "பொது" என்று வைத்துப் போட்டேன். நான்கு மணி நேரம் கழித்துப் படகில் வந்தவரை எனக்கு முன்பின் தெரியாது. என் தோழியின் அலுவலக நண்பருடைய தம்பி. எந்த மையமும் அவரை அனுப்பவில்லை, அந்தப் பதிவுதான் அனுப்பியது.

2017-இல் ஹார்வி புயலின்போது டெக்சாஸ் மாநிலம் டிக்கின்சனில் ஒரு முதியோர் இல்லம். வயதானவர்கள் சக்கர நாற்காலியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் படம் ட்விட்டரில் வந்தது. அதைப் பார்த்துப் பாதிப்பேர் என்ன சொன்னார்கள் தெரியுமா சந்தேகப்பிராணி சார்? போலிப் படம், கணினியில் ஒட்டியது என்றார்கள். அந்த ஒரு படம்தான் அவர்களைச் சில மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்தது. பொய்யை நம்புவது மட்டும்தான் ஆபத்தா? உண்மையை நம்பாமல் இருப்பது?

2023 பிப்ரவரி 6, துருக்கி நிலநடுக்கம். இடிபாட்டுக்கு அடியில் கிடந்தவர்கள் போனில் மிச்சமிருந்த சார்ஜில் தங்கள் முகவரியை எழுதிப் போட்டார்கள், வீடியோவில் பேசினார்கள். அவர்களிடம் போய் "முறைப்படி அழையுங்கள்" என்று சொல்வீர்களா?

இப்போது அந்தக் காரணம். நாங்கள் கரையேறிய பிறகும் என் பதிவு நிற்கவில்லை. யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தார்கள். மூல பதிவை நான் அழித்துவிட்டேன், படத்தை யார் அழிப்பது? ஏழாம் நாள்கூட "இன்னும் மாடியில்தான் இருக்கீங்களா?" என்று போன் வந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை படகு போய் ஆளில்லாமல் திரும்பியிருக்கிறது. அந்தப் படகு வேறு எந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். மாதக்கணக்கில் ராத்திரியில் தெரியாத ஆண்களின் அழைப்புகள் வேறு. கடைசியில் எண்ணையே மாற்றினேன்.

ஆனாலும் மறுபடி அப்படி மாட்டினால் மறுபடியும் போடுவேன்.

---

சந்தேகப்பிராணி

தங்கை, உங்கள் நிலைமையில் நானும் அதையேதான் செய்திருப்பேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு முதல் எதிரியே இந்தப் பொய்க்காரர்கள்தான். 2024 ஜனவரி 1, ஜப்பானில் நோட்டோ தீபகற்ப நிலநடுக்கம். இடிபாட்டுக்குள் இருக்கிறேன், காப்பாற்றுங்கள் என்று பொய்யாக எழுதியவர்கள் உண்டு. ஒரு பதிவை நம்பிக் காவல்துறை தேடிப் போய், அந்த இடத்தில் அப்படி ஒருவரும் இல்லை. ஆளைப் பிடித்தார்கள். வேறு சிலர் பழைய பேரழிவு வீடியோக்களையும் அடுத்தவர் எழுதிய உதவிக் கோரிக்கைகளையும் அப்படியே நகலெடுத்துப் போட்டார்கள். எதற்கு? எக்ஸ் தளத்தில் பார்வைக்குக் காசு. அங்கே ஆள் செத்துக்கொண்டிருக்கிறான், இவன் பார்வையை எண்ணுகிறான்.

---

வரைபடப்பித்தன்

சந்தேகப்பிராணி, கோபித்துக்கொள்ளாதீர்கள், போன வருடம் இதே மன்றத்தில் "நெடுஞ்சாலை இடிந்து விழுந்தது, பாருங்கள்" என்று ஒரு படம் போட்டீர்கள். அது வேறு நாடு, வேறு வருடம். தேடிப் பார்த்துச் சொன்னதே நான்தான். :)

உங்களைக் கிண்டல் செய்யச் சொல்லவில்லை. என் அனுபவத்தில் எல்லாரிடமும் இருக்கும் மனநிலை இதுதான்: அடுத்தவன் பகிர்ந்தால் வதந்தி, நான் பகிர்ந்தால் சேவை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய ஏறக்குறைய 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2018-இல் வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆவதற்கான வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அதே முடிவுதான். பரப்பியது நம்மைப் போன்ற ஆட்கள்.

மூன்று பேரிடர்களில் வீட்டிலிருந்தபடியே தன்னார்வலராக வேலை செய்திருக்கிறேன். உதவி கேட்கும் பதிவுகளைத் திரட்டி, திரும்ப அழைத்துச் சரிபார்த்து, வரைபடத்தில் புள்ளி வைத்து, களத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் வேலை. 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் 4636 என்ற எண்ணுக்கு வந்த குறுஞ்செய்திகளை வெளிநாட்டில் வாழும் ஹைட்டி மக்கள் மொழிபெயர்த்தார்கள், அவை வரைபடத்தில் ஏறின. அந்த மாதிரி வேலைதான். 2018 கேரள வெள்ளத்தில் அரசே இணையதளம் வைத்துக் கோரிக்கைகளை வாங்கியது.

வெளியிலிருந்து பார்த்தால் சினிமா போலத் தெரியும். உள்ளே வந்தால் பாதி நேரம் ஏழாம்நாள் சொன்ன அந்த ஏழாம் நாள் வேலைதான். ஒரே குடும்பத்தின் கோரிக்கை முப்பது வடிவில் வரும். முகவரி இல்லாமல் "அவசரம்!! பகிரவும்!!" என்று வரும். தேதி இருக்காது. இப்போதெல்லாம் பெரும்பாலான தளங்கள் தாமாகக் கால வரிசையில் காட்டுவதில்லை, எது சூடாக ஓடுகிறதோ அதுதான் மேலே வரும். மூன்று நாள் பழைய அலறல் உங்கள் திரையில் "இப்போது" போலத் தெரியும். படத்தைப் பதிவேற்றும்போது அதற்குள் இருக்கும் இடக்குறிப்பைப் பெரும்பாலான தளங்கள் நீக்கிவிடுகின்றன. மற்ற நாளில் அது பாதுகாப்பு. வெள்ளத்தன்று தலைவலி.

நான் கெஞ்சுவது ஒன்றுதான். பதிவிலேயே தேதியும் மணியும் எழுதுங்கள், "இன்று" என்று எழுதாதீர்கள். மீட்கப்பட்டதும் பதிவை அழிப்பதற்கு முன்னால் அதன் தலையிலேயே "மீட்கப்பட்டோம்" என்று திருத்தி ஒரு நாள் வைத்திருங்கள். அழித்துவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டை நம்புகிறவன் சரிபார்க்க வழியில்லாமல் போகும்.

---

ஏழாம்நாள்

அழிக்கக் கூடாது என்பது எனக்கு அன்று தெரியாது. யாரும் சொல்லவில்லை.

---

சந்தேகப்பிராணி

அந்த நெடுஞ்சாலைப் படம் வேறு விஷயம். அது எனக்கு நம்பகமான ஒருவர் அனுப்பியது.

---

வரைபடப்பித்தன்

எல்லாருக்கும் நம்பகமான ஒருவர்தான் அனுப்புகிறார், சார்.

---

தூரத்துச்சொந்தம்

மூடிவிடலாம் என்கிறவர்களுக்கு: மூடிப் பார்த்திருக்கிறார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இலங்கையில் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஒரு வாரத்துக்கு மேல் முடங்கின. வதந்தியால் கலவரம் வரக்கூடும் என்ற பயம், நியாயமான பயம்தான். ஆனால் சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று வெளிநாட்டில் இருப்பவன் கேட்பதும் அதே வாட்ஸ்அப்பில்தானே? விவரம் தெரிந்தவர்கள் தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் செயலியைப் போட்டு உள்ளே போய்விட்டார்கள், வதந்திக்காரர்களும் சேர்த்து. துருக்கியில் அதைவிட மோசம். நிலநடுக்கத்தின் மூன்றாம் நாள், இடிபாட்டுக்குள் ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, ட்விட்டரை ஏறக்குறைய அரை நாள் முடக்கினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூடாமல் கேட்டுக்கொண்டால் மக்கள் கேட்பார்கள் என்பதற்கும் கதை இருக்கிறது. 2015 நவம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் தீவிரவாதிகளைத் தேடிச் சோதனை. எங்கள் நடமாட்டத்தை இணையத்தில் எழுதாதீர்கள் என்று காவல்துறை கேட்டது. மக்கள் என்ன செய்தார்கள்? அந்தச் சோதனையைப் பற்றி எழுதும் ட்விட்டர் குறிச்சொல் (ஹேஷ்டேக்) முழுக்கப் பூனைப் படங்களாகப் போட்டு நிரப்பினார்கள். போலீஸ் எங்கே என்று தேடுகிறவனுக்குப் பூனைதான் கிடைக்கும். மறுநாள் காவல்துறை ஒரு கிண்ணம் நிறையப் பூனைத்தீனிப் படம் போட்டு நன்றி சொன்னது. நான்கு மாதம் கழித்து அதே நகரில் குண்டு வெடித்தபோது அமைச்சரே "போன் பேசாதீர்கள், இணையச் செய்தியாக அனுப்புங்கள்" என்றார். குரல் அழைப்பில் நெட்வொர்க் திணறிவிட்டது. ஒரே ஊரிலேயே ஒரு தடவை "எழுதாதே", இன்னொரு தடவை "எழுது". எது எப்போது என்று சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு சின்னப் புலம்பல். "நான் பாதுகாப்பாக இருக்கிறேன்" என்று குறிக்கும் ஃபேஸ்புக் வசதி, 2014-இல் வந்தது, 2015 நேபாள நிலநடுக்கத்தில் லட்சக்கணக்கானோருக்கு ஆறுதல். நானும் அதற்காகக் காத்திருந்தவன்தான். ஆனால் அக்கா அதைக் குறிக்கவில்லை என்று ஒரு முழு ராத்திரி என் குடும்பம் அழுதது. அவர் போனை வீட்டுக்குள் விட்டுவிட்டு வெளியே ஓடியிருந்தார், அவ்வளவுதான். முன்பெல்லாம் செய்தி இல்லையென்றால் நல்ல செய்தி என்பார்கள். இப்போது அந்தப் பொத்தானை அழுத்தவில்லை என்றாலே ஏதோ ஆகிவிட்டது.

---

வேடிக்கைபார்த்தவன்

ஏன் எல்லாரும் பொதுமக்களையே திட்டுகிறீர்கள்? அதிகாரிகள் யோக்கியமா? 2018 ஜனவரியில் ஹவாயில் ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல என்று காலை 8.07-க்கு எல்லார் போனுக்கும் எச்சரிக்கை போனது. தவறாக அனுப்பியது. அதே வழியில் திருத்தம் போக 38 நிமிடம். ட்விட்டரிலாவது ஆளுநர் உடனே சொல்லியிருக்கலாமே என்றால், தன் கணக்கின் கடவுச்சொல் தெரியவில்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். நாட்டின் பாதுகாப்பு ஒரு மறந்துபோன பாஸ்வேர்டில் தொங்கியிருக்கிறது.

ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. 2011 வெள்ளத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து காவல்துறை வதந்தி ஒவ்வொன்றையும் எடுத்து "இது பொய்" என்று தனிக் குறிச்சொல்லோடு உடனுக்குடன் போட்டது. அதிகாரி பேசாத இடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது. பீதி, பீதி என்று பயந்து தகவலை மறைப்பார்கள். பேரிடரில் மக்கள் நாம் நினைப்பதுபோல் பீதியில் ஓடுவதில்லை, பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள் என்று குவாரண்டெல்லி போன்ற சமூகவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள்.

---

இரவுப்பணி

வேடிக்கைபார்த்தவன், உங்கள் பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது: வீடியோ எடுப்பவர்கள். இதுவரை யாரும் தொடவில்லை.

விபத்து இடத்தில் எங்கள் வண்டிக்காரர்கள் அதிகம் சொன்ன குறை தீயோ ரத்தமோ அல்ல. வழியை மறித்துப் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கைகள்தான். விபத்தில் இறந்தவரைக் கேவலமாகக் காட்டும் விதத்தில் படமெடுப்பதை 2021 முதல் ஜெர்மனியில் குற்றமாக்கியிருக்கிறார்கள், இரண்டு வருடம் வரை சிறை. சட்டம் போடும் அளவுக்குப் போயிருக்கிறது.

அதே நேரம் நியாயமாகவும் பேச வேண்டும். எந்த ஜன்னலிலிருந்து புகை வருகிறது என்று ஒரு படம் காட்டிவிட்டால் நான் கேட்க வேண்டிய கேள்விகளில் நாலு குறையும். பல மையங்கள் இப்போது அழைத்தவருக்கே இணைப்பு அனுப்பி வீடியோ கேட்கின்றன. ஆகவே முதலில் அழையுங்கள், கேட்டால் படத்தைக் கொடுங்கள். இறந்தவர், காயம்பட்டவர் முகத்தை மட்டும் வேண்டாம். குடும்பத்துக்கு நாங்கள் சொல்வதற்கு முன்னால் குழுவில் பார்த்து அறிந்துகொண்ட ஒரு அம்மாவின் அழைப்பை நான் எடுத்திருக்கிறேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

---

தூரத்துச்சொந்தம்

2017-இல் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்த ராத்திரி, "காணவில்லை" என்று சுற்றிய முகங்களில் சில அங்கே போகாதவர்களுடையவை. யாரோ யூடியூப்காரர்களின் படங்களை எடுத்து விளையாட்டாகப் போட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே பிள்ளையைத் தேடியவர்களின் படங்களும் அந்தக் குவியலுக்குள்தான் கிடந்தன.

---

மன்ற நெறியாளர்

இழையில் இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். ஒன்றில் விபத்துப் படம், இன்னொன்றில் ஒருவரின் போன் எண். ஏழாம்நாள் எழுதியதைப் படித்த பிறகும் எண் போடுகிறவர்களை என்ன சொல்ல.

---

மொட்டைமாடி

இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன்.

முதல் பதிவில் ஒன்றை மறைத்துவிட்டேன். "இந்நேரம் யாராவது சொல்லியிருப்பாங்க" என்று எழுதியது நான்தான். அப்போது பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன், கையில் போன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அழைக்க ஆறு நொடி ஆகியிருக்குமா? சோம்பல் இல்லை, பயமும் இல்லை. குழுவில் இத்தனை பேர் பேசுகிறார்கள், விஷயம் எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று உண்மையாகவே தோன்றியது. சத்தம் அதிகமாக இருந்தால் வேலை நடக்கிறது என்று மனசு நினைத்துக்கொள்கிறதுபோல.

இரவுப்பணி சார், ஒரு கேள்வி. ஒத்திகையாக அவசர எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பார்க்கலாமா? இதுவரை வாழ்க்கையில் அழைத்ததே இல்லை.

---

இரவுப்பணி

அழைக்காதீர்கள், அந்த நேரத்தில் வேறொருவர் வரிசையில் காத்திருக்கலாம். ஒத்திகை வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்யுங்கள். ஆளுக்கொரு தாளில், நான் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். எங்கே இருக்கீங்க? கட்டடம், தெரு, எந்த வாசல், எந்த மாடி, பக்கத்தில் என்ன அடையாளம்.

குழுவில் எழுதியது நீங்கள்தான் என்று சொன்னதற்கு நன்றி. அதை இங்கே எழுதுகிறவர்கள் குறைவு.

அப்புறம் குழுவுக்கு ஒரு யோசனை. "யாராவது சொல்லியாச்சா" என்று யாராவது கேட்டால், "நான் அழைத்தேன், மணி இத்தனை" என்று ஒருவர் பெயரோடு எழுதாதவரை யாரும் அழைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

---

மொட்டைமாடி

நேற்று ராத்திரி செய்து பார்த்தோம். மூன்று பேர், மூன்று தாள், மூன்று முகவரி. மனைவி பழைய தெருப்பெயரை எழுதியிருந்தார், மகள் டெலிவரி ஆப்பில் இருப்பதை. நான் "பி" பிளாக் என்று எழுதினேன். சுவரில் போய்ப் பார்த்தால் "2" என்று இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன்.

வாயிற்காவலரிடம் அன்று என்ன முகவரி சொன்னார் என்று கேட்டேன். சரியாகச் சொல்லியிருக்கிறார். வாசலில் நின்று வண்டிக்கு வழிகாட்டியதும் அவர்தானாம். அவரைக் குழுவில் சேர்க்கலாமா என்று நிர்வாகியிடம் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.